ஆப்பில் ஓடும் வண்டி: கடன் கொடுக்கும் முன் ஒரு கணக்கு



குழுக்களில் வரும் கடன் மனுக்களில் மாடு, தையல் மெஷின், பெட்டிக்கடைக்கு அடுத்தபடியாக இப்போது "வண்டி" என்று எழுதி வருகிறது. வீட்டுக்காரருக்கு ஆட்டோ, மகனுக்கு கார். எந்த ஸ்டாண்டில் ஓட்டப் போகிறார் என்று கேட்டால், "ஸ்டாண்டு எதுக்குங்க, ஆப்புல ஓட்டிக்குவாரு" என்று பதில் வருகிறது. ஆப்பில் ஓட்டுவது தப்பு என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் அந்த வண்டிக்கு எந்தச் சட்டம் காவல், எந்த இடத்தில் காவல் இல்லை என்பது தெரியாமல் தீர்மானத்தில் கையெழுத்துப் போடக்கூடாது. அதனால்தான் இந்த மாதம் இந்தப் பாடம்.

முதலில் ஒரு விஷயம். ஆப் கம்பெனிக்குப் பெரும்பாலும் சொந்த வண்டி கிடையாது. வண்டி நம்முடையது. கடன், டீசல், எஃப்.சி., இன்சூரன்ஸ் எல்லாம் நம்முடையது. ஆனால் கி.மீ.க்கு எவ்வளவு என்று தீர்மானித்தது கம்பெனி. ஓலா 2010-ல் தொடங்கியது, ஊபர் 2013-ல் இந்தியாவுக்கு வந்தது. ஆரம்பத்தில் பயணிக்குக் குறைந்த கட்டணம், ஓட்டுநருக்கு ஊக்கத்தொகை என்று இரண்டு பக்கமும் பணத்தைக் கொட்டினார்கள். அந்த மாத வருமானத்தைப் பார்த்துப் பலர் காருக்குக் கடன் வாங்கினார்கள். பிறகு ஊக்கத்தொகை சுருங்கியது, தவணை சுருங்கவில்லை. 2017 தொடக்கத்தில் டெல்லியிலும் பெங்களூரிலும் இதே ஓட்டுநர்கள்தான் வேலைநிறுத்தம் செய்தார்கள்.

இன்னொரு பக்கம் ஸ்டாண்டில் நின்ற டாக்சியும் ஆட்டோவும். அவர்களுக்குப் பர்மிட் உண்டு, மீட்டர் உண்டு, அரசு வைத்த கட்டணம் உண்டு. புதிதாக வந்தவர்களோ "நாங்க போக்குவரத்துக் கம்பெனி இல்லீங்க, மென்பொருள் கம்பெனி" என்றார்கள். இந்த ஓட்டையை அடைக்கச் சட்டத்துக்கு ரொம்ப நாள் ஆனது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோதுதான் இப்படிப்பட்ட கம்பெனிகளும் மாநில அரசிடம் உரிமம் வாங்க வேண்டும் என்று வந்தது. 2020 நவம்பரில் மத்திய அரசு முதல் வழிகாட்டுதலை வெளியிட்டது. அதை மாற்றி 2025 ஜூலையில் புதிய வழிகாட்டுதல் வந்தது.

புதிய வழிகாட்டுதலில் நமக்கு வேண்டியது இவ்வளவுதான். சொந்த வண்டி ஓட்டுபவருக்குக் கட்டணத்தில் 80 சதவீதமாவது போக வேண்டும். கம்பெனி வண்டியை ஓட்டினால் 60 சதவீதம். ஓட்டுநருக்கு 5 லட்சம் ரூபாய்க்குக் குறையாத மருத்துவக் காப்பீடும், 10 லட்சத்துக்குக் குறையாத ஆயுள் காப்பீடும் கம்பெனி எடுக்க வேண்டும். பயணியை ஏற்ற வண்டி காலியாக வரும் தூரத்தை ஈடுகட்ட, குறைந்தது 3 கி.மீ.க்கு அடிப்படைக் கட்டணம் உண்டு. கூட்டம் குறைந்த நேரத்தில் அடிப்படைக் கட்டணத்தில் பாதி வரை இறக்கலாம், கூட்ட நேரத்தில் இரண்டு மடங்கு வரை ஏற்றலாம்.

படிக்க நன்றாக இருக்கிறது, இல்லையா? இப்போது கவனியுங்கள். அந்த "அடிப்படைக் கட்டணம்" எது? மாநில அரசு அறிவித்த கட்டணம். நம் தமிழ்நாட்டில் ஆட்டோவுக்கு 2013 ஆகஸ்டில் முதல் 1.8 கி.மீ.க்கு 25 ரூபாய், அடுத்து ஒவ்வொரு கி.மீ.க்கும் 12 ரூபாய் என்று அறிவித்தார்கள். அதன்பிறகு பெட்ரோல் 100 ரூபாயைத் தாண்டியது. கட்டணம் மட்டும் 11 வருஷத்துக்கு மேல் அசையவில்லை. 2025 பிப்ரவரியில் ஆட்டோ சங்கங்கள் தாங்களாகவே 50 ரூபாய், 18 ரூபாய் என்று அறிவிக்க வேண்டிய நிலை வந்தது. 12 ரூபாயை அடிப்படையாக வைத்தால் பாதி என்பது கி.மீ.க்கு 6 ரூபாய்! அஸ்திவாரம் பழசு என்றால் மேலே எத்தனை சதவீதம் கட்டினாலும் இப்படித்தான் நிற்கும்.

இன்னொன்று. வழிகாட்டுதல் என்பது வழிகாட்டுதல்தான். மாநில அரசு அதை எடுத்துத் தன் விதியாக ஆக்கினால்தான் ஆர்.டி.ஓ. ஆபீசில் அதற்கு மரியாதை. மாநிலம் நினைத்தால் செய்ய முடியும் என்பதற்குப் பக்கத்து மாநிலமே சாட்சி. 2022 நவம்பரில் கர்நாடக அரசு, ஆட்டோவுக்கு அரசுக் கட்டணத்துக்கு மேல் கம்பெனி 5 சதவீதமும் ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம் என்று சொல்லிவிட்டது.

கம்பெனிகளும் சும்மா இருக்கவில்லை. பெங்களூரில் 2022-ல் வந்த நம்ம யாத்ரி, கமிஷன் வேண்டாம், நாளுக்கு 25 ரூபாய் சந்தா போதும் என்றது. ஓட்டுநர்கள் அந்தப் பக்கம் போனதும் மற்றவர்களும் மாறினார்கள். 2025-ல் ஊபர் ஆட்டோவுக்கும், ஓலா எல்லா வண்டிக்கும் சந்தா முறைக்கு வந்தன. கமிஷன் போனது நல்லதுதான். ஆனால் சந்தா முறையில், சவாரி கிடைக்காத நாளில் நஷ்டம் முழுக்க நம் தலையில். அதனால் "கமிஷனே கிடையாதுக்கா" என்று யாராவது சொன்னால், தினம் எத்தனை சவாரி என்று கேளுங்கள்.

சரி, கணக்குக்கு வருவோம். எண்கள் உதாரணத்துக்குத்தான், உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள். 8 கி.மீ. சவாரிக்கு 160 ரூபாய் கட்டணம். 80 சதவீதம் என்றால் கைக்கு 128. பயணியை ஏற்றக் காலியாகப் போனது 2 கி.மீ., ஆக ஓட்டம் 10 கி.மீ. டீசல் லிட்டர் 90 ரூபாய், லிட்டருக்கு 18 கி.மீ. ஓடும் என்றால் கி.மீ.க்கு 5 ரூபாய், மொத்தம் 50. மிச்சம் 78. இறக்கிவிட்ட இடத்தில் சவாரி கிடைக்காமல் 8 கி.மீ. காலியாகத் திரும்பினால் இன்னொரு 40 போகும். மிச்சம் 38. தவணைக்கு மட்டும் நாளுக்கு 450 ரூபாய் வேண்டும் என்றால், முதல் வகையில் 6 சவாரி போதும். இரண்டாவது வகையில் 12 சவாரி ஓட்டினால்தான் தவணையே. சாப்பாடு, டயர், இன்சூரன்ஸ், வீட்டு வாடகை எல்லாம் அதற்கு மேல். வண்டிக்காரர் வீட்டுப் பெண்களுக்கு இந்தக் காலி ஓட்டத்தின் அருமை நம்மைவிட நன்றாகவே தெரியும்.

விதி வருவதற்கு முன் கடன் வந்துவிட்டால் என்ன ஆகும்? அமெரிக்காவில் நியூயார்க் நகரத்தில் நடந்ததைச் சொல்கிறோம். அங்கே மஞ்சள் டாக்சி ஓட்ட மெடாலியன் என்ற உரிமம் வேண்டும். வண்டியின் முன்பக்கம் பதித்த ஒரு தகடு. மொத்தமே சுமார் 13,500தான் என்பதால் விலை ஏறிக்கொண்டே போய் 2014-ல் ஒன்று 10 லட்சம் டாலரைத் தாண்டியது. வெளிநாட்டிலிருந்து பிழைக்கப் போன ஓட்டுநர்கள், நம் இந்தியத் துணைக்கண்டத்துக்காரர்கள் உட்பட, அதை நிலம் மாதிரி நினைத்துக் கடன் வாங்கினார்கள். ஆப் கார்களுக்கோ எண்ணிக்கை வரம்பு இல்லை. ஆயிரக்கணக்கில் ரோட்டுக்கு வந்தன. நாலே வருஷத்தில் தகட்டின் விலை 2 லட்சம் டாலருக்கும் கீழே போனது. 2018-ல் ஓட்டுநர்கள் சிலர் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். அந்த வருஷம் ஆகஸ்டில்தான் நகராட்சி புதிய ஆப் வண்டிகளுக்கு வரம்பு போட்டது. 2019-ல் ஆப் ஓட்டுநருக்குக் குறைந்தபட்ச ஊதியம் வந்தது. மெடாலியன் கடனைக் குறைக்க ஓட்டுநர்கள் 2021-ல் உண்ணாவிரதம் இருந்து, கடைசியில் கடன் 1,70,000 டாலருக்குக் குறைக்கப்பட்டு நகராட்சியே ஜாமீன் நின்றது. அவர்கள் சங்கமாக நின்றதால் கிடைத்தது அது.

நம் ஊரில் ஜாமீன் நிற்பது குழு. ஒரு வண்டிக் கடன் முடங்கினால் உள்கடன் சுழற்சி நிற்கும், அடுத்த வங்கிக் கடனுக்கு மேனேஜர் முகம் சுளிப்பார். ஆகவே வண்டி என்று மனு வந்தால், ஏற்கெனவே ஓட்டிக்கொண்டிருப்பவரிடம் நாலு வாரத்து ஆப் கணக்கைக் காட்டச் சொல்லுங்கள். தீபாவளி வாரம் மட்டும் வேண்டாம். வண்டி யார் பெயரில், கடன் யார் பெயரில் என்று பாருங்கள். கடன் அக்கா பெயரில், ஆர்.சி. புத்தகம் மச்சான் பெயரில் என்றால் நாங்கள் ஒத்துக்கொள்ள மாட்டோம்.

பெண்களே ஓட்டுவதற்கும் வழி வந்திருக்கிறது. 2025 மார்ச் 8-ல் சென்னையில் தொடங்கிய இளஞ்சிவப்பு ஆட்டோ திட்டத்தில் அரசு 1 லட்சம் ரூபாய் மானியம் தந்தது. அந்த வண்டிகளில் சிலவற்றை ஆண்கள் ஓட்டியதைப் பார்த்து, பறிமுதல் செய்வோம் என்று அரசு எச்சரிக்க வேண்டி வந்தது. பெயர் ஒருத்தி, ஸ்டியரிங் இன்னொருத்தர் என்பது நம் குழுக் கடனுக்கும் புதுசு இல்லையே.

ஆப்பில் ஓட்டுபவர்களுக்காகத் தமிழக அரசு 2023-ல் ஒரு நல வாரியம் அமைத்திருக்கிறது. தமிழ்நாடு இணையம் சார்ந்த கிக் தொழிலாளர்கள் நல வாரியம் என்று பெயர். தொழிலாளர் நல அலுவலகத்தில் கேட்டுப் பதிவு செய்யச் சொல்லுங்கள். 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பும், கம்பெனிகள் தங்கள் வருடாந்திர வரவில் 1 முதல் 2 சதவீதம் ஓட்டுநர் நலனுக்குத் தர வேண்டும் என்கிறது. பதிவில் பேர் இருந்தால்தான் நாளைக்கு அந்தப் பணத்தைக் கேட்க முடியும்.

அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்கு, வீட்டில் ஆப் வண்டி உள்ள உறுப்பினர்கள் ஒரு வாரத்துக் கணக்கையும் தவணை அட்டையையும் எடுத்து வாருங்கள். காலி ஓட்டம் எத்தனை கி.மீ. என்று வண்டியின் மீட்டரைப் பார்த்துத் தனியாகக் குறித்து வரவேண்டும். போர்டில் போட்டு எல்லோரும் சேர்ந்து கூட்டிப் பார்ப்போம்.