லேப்டாப் ஹார்ட் டிஸ்க் படுத்துவிட்டதா? பார்மட் செய்யும் முன் இதைப் படியுங்கள்!

காலையில் லேப்டாப்பை ஆன் செய்கிறீர்கள். விண்டோஸ் லோகோ வரவில்லை. கறுப்புத் திரையில் "நோ பூட்டபிள் டிவைஸ்" அல்லது "ஆப்பரேட்டிங் சிஸ்டம் நாட் பவுண்ட்" என்று ஒரே ஒரு வரி நிற்கிறது. பெரும்பாலானவர்கள் உடனே ஆப் செய்து ஆன் செய்வார்கள். வரவில்லையா, மறுபடியும். இப்படிப் பத்துத் தடவை. அப்புறம் பக்கத்துத் தெரு சர்வீஸ் கடை. அங்கே கேட்கும் முதல் கேள்வி: "பார்மட் போட்டுடலாமா சார்?" இந்த இரண்டுமே டிஸ்க்கில் உள்ள தகவல்களுக்கு எமன்!

நான் சாப்ட்வேர் என்ஜினியர். வீடு மீஞ்சூரை அடுத்த வள்ளூரில், அனல் மின் நிலையத்தின் பக்கம். சாப்ட்வேர் எழுதுபவனுக்கு ஸ்குரூ டிரைவரும் பிடிக்கத் தெரியும் என்று எங்கள் தெருவில் ஒரு நம்பிக்கை. அதனால் யார் வீட்டில் லேப்டாப் மக்கர் செய்தாலும் என்னிடம் வந்துவிடும். எங்கள் மாவட்டத்தில் லேப்டாப்களுக்குப் பஞ்சமும் இல்லை. தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூரை அடுத்த காக்களூரில்தான் தொடங்கப்பட்டது. விண்டோஸும், சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்து வந்த அந்த லேப்டாப்கள் இன்னும் பல வீடுகளில் இருக்கின்றன. பிளஸ் டூ படித்த பிள்ளை வேலைக்குப் போய்விட்டாலும், அதில் குடும்பத்தின் கல்யாண போட்டோக்கள் இருக்கும். எனவே டிஸ்க் போய்விட்டது என்று யாராவது வந்தால் நான் கேட்கும் முதல் கேள்வி இதுதான்: உங்களுக்கு லேப்டாப் வேண்டுமா, உள்ளே இருப்பது வேண்டுமா? லேப்டாப் மட்டும் போதும் என்றால் வேலை சுலபம், புது டிஸ்க் போட்டால் முடிந்தது. உள்ளே இருப்பது வேண்டும் என்றால் முதல் வேலை, ஆப் செய்வது.

ஏன் ஆப் செய்ய வேண்டும்?

பழைய வகை ஹார்ட் டிஸ்க்கின் உள்ளே கண்ணாடி போலப் பளபளக்கும் தட்டுகள் சுழல்கின்றன. லேப்டாப்களில் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 சுற்றுகள். தட்டின் மேல் படிக்கும் தலை, அதாவது ஹெட், சில நானோ மீட்டர் உயரத்தில் மிதக்கிறது. மனிதத் தலைமுடியின் தடிமன் அதைப் போல ஆயிரக்கணக்கான மடங்கு! ஹெட் பழுதாகித் தட்டை உரச ஆரம்பித்துவிட்டால், ஒவ்வொரு சுற்றிலும் உங்கள் தகவல்கள் பொடியாக உதிர்கின்றன. "டிக்... டிக்..." என்று சீரான சத்தம் கேட்டால் அது ஹெட் தன் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் திரும்பத் திரும்ப முயல்வது. அந்த நிலையில் ஆன் செய்து பார்ப்பது காயத்தைச் சொறிவது போல.

எங்கள் பக்கத்தில் சாம்பல் தூசி அதிகம். "உள்ளே சாம்பல் போயிருக்குமோ தம்பி?" என்று பலர் கேட்கிறார்கள். டிஸ்க்கில் காற்று போய்வர ஒரு சிறு துளை உண்டு. ஆனால் அதற்குள் பில்டர் இருக்கிறது. தூசி அடைப்பது பேனைத்தான். அதனால் லேப்டாப் சூடாகும். என் அனுபவத்தில் தூசியைவிட அதிகமாக டிஸ்க்கைக் கெடுப்பது அதிர்ச்சி. ஷட் டவுன் ஆகும் முன்பே மூடிப் பையில் போட்டு, கன்டெய்னர் லாரிகள் குண்டும் குழியுமாக்கிய சாலையில் பைக்கில் போவது இங்கே தினசரிக் காட்சி.

டிஸ்க்தான் குற்றவாளியா?

ஒரே ஒரு முறை ஆன் செய்து பயாசுக்குள் போங்கள். கம்பெனிக்குத் தகுந்தபடி எப்2, எப்10, டெலிட் என்று கீ மாறும். அங்கே ஸ்டோரேஜ் பகுதியில் டிஸ்க்கின் மாடல் பெயர் தெரிகிறதா பாருங்கள். பெயர் சரியாகத் தெரிந்து விண்டோஸ் மட்டும் வரவில்லை என்றால் பாதி நிம்மதி. விண்டோஸ் கெட்டிருக்கலாம், பூட் வரிசை மாறியிருக்கலாம், பென் டிரைவ் ஒன்று செருகியபடியே இருக்கலாம். (சிரிக்காதீர்கள், இது அடிக்கடி நடக்கிறது.)

பெயரே தெரியவில்லை என்றால் கனெக்டர் தளர்ந்திருக்கலாம். சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரி கனெக்ஷனையும் எடுத்துவிட்டு, பின் மூடியைக் கழற்றி டிஸ்க்கை ஒருமுறை எடுத்து மறுபடி பொருத்துங்கள். சில மாடல்களில் டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் நடுவே மெல்லிய பட்டை கேபிள் ஒன்று இருக்கும். அது பழுதானாலும் இதே அறிகுறிதான். டிஸ்க்கை வெளியே எடுத்து யு.எஸ்.பி. டூ சாட்டா அடாப்டர் மூலம் வேறு கம்ப்யூட்டரில் செருகிப் பார்த்தால் குற்றவாளி யார் என்று தெரிந்துவிடும். அப்போது "யூ நீட் டு பார்மட் த டிஸ்க்" என்று விண்டோஸ் கேட்டால் கேன்சல் மட்டும் கொடுங்கள்.

ஸ்மார்ட் சொல்வதை எவ்வளவு நம்பலாம்?

எல்லா டிஸ்க்கிலும் ஸ்மார்ட் என்ற சுயபரிசோதனை வசதி உண்டு. கிரிஸ்டல் டிஸ்க் இன்போ என்ற இலவச சாப்ட்வேர் அதைக் காட்டும். ஹார்ட் டிஸ்க் என்றால் மூன்று வரிகளைப் பாருங்கள்: 05, சி5, சி6. முதலாவது, கெட்டுப்போனதால் மாற்று இடம் தரப்பட்ட செக்டார்கள். இரண்டாவது, படிக்க முடியாமல் முடிவுக்குக் காத்திருப்பவை. மூன்றாவது, திருத்தவே முடியாதவை. சி5 எண்ணிக்கை நாளுக்கு நாள் ஏறினால் டிஸ்க் விடைபெறுகிறது என்று பொருள்.

ஆனால் நீல நிறத்தில் "குட்" என்று காட்டினால் நிம்மதியாகத் தூங்கலாமா? கூகுள் நிறுவனத்தார் தங்களிடம் இருந்த ஒரு லட்சத்துக்கும் அதிகமான டிஸ்க்குகளை ஆராய்ந்து 2007ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பழுதான டிஸ்க்குகளில் 56 சதவீதத்துக்கு மேல், முக்கியமான நான்கு ஸ்மார்ட் அறிகுறிகளில் ஒன்றைக்கூடக் காட்டாமலே போய்விட்டன! மறுபக்கம், முதல் ஸ்கேன் எரர் வந்த டிஸ்க் அடுத்த 60 நாளில் பழுதாகும் வாய்ப்பு, எரர் வராத டிஸ்க்கைவிட 39 மடங்கு. ஆக, ஸ்மார்ட் கெட்ட செய்தி சொன்னால் நம்புங்கள். நல்ல செய்தி சொன்னால் பாதி நம்புங்கள்.

பட்டறைக்காரரின் கதை

கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் லேத் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர், ஒரு மாதம் 16ம் தேதி இரவு லேப்டாப்போடு வந்தார். "தம்பி, இருபதாம் தேதிக்குள்ள ஜி.எஸ்.டி. கட்டணும். டேலி கணக்கு மொத்தமும் இதுலதான் இருக்கு. ஆறு வருஷத்து டிராயிங்கும் இதுலதான்" என்றார். ஒரு டிபி ஹார்ட் டிஸ்க். ஒரு கடையில் செக் டிஸ்க்கை ஓட விட்டிருக்கிறார்கள். 12 சதவீதத்தில் அசையாமல் நின்றிருக்கிறது.

"பேக்கப் இல்லையாண்ணே?" என்று கேட்டேன்.

"இருக்கே, ஈ டிரைவ்ல தினமும் போடுறேன்."

இது பட்டறைக்காரர் மட்டும் செய்வதல்ல. சி, டி, ஈ எல்லாம் ஒரே டிஸ்க்கில் போட்ட கோடுகள். ஒரே வீட்டில் மூன்று அறை. வீடு எரிந்தால் மூன்றும்தான் போகும்.

செக் டிஸ்க் கெட்ட கருவி அல்ல. ஆனால் அதன் வேலை விண்டோசின் பைல் அமைப்பைச் சரிசெய்வது, உங்கள் தகவலைக் காப்பது அல்ல. சாகக் கிடக்கும் டிஸ்க்கில் அது மணிக்கணக்கில் கெட்ட செக்டார்களையே முட்டிக்கொண்டிருக்கும்; படிக்க முடியாத பைல்களை வெட்டியும் விடும். முதலில் காப்பி, பிறகுதான் ரிப்பேர்.

அண்ணனின் டிஸ்க்கில் டிக் டிக் சத்தம் இல்லை, பயாசில் பெயரும் தெரிந்தது. சத்தம் இருந்திருந்தால் நான் தொட்டிருக்க மாட்டேன். சிஸ்டம் ரெஸ்க்யூ என்ற இலவச லினக்சை ரூபஸ் மூலம் பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்து பூட் செய்தேன். ஹார்ட் டிஸ்க்கில் உள்ள விண்டோசை எழுப்பவே இல்லை. இந்த லினக்சில் டிடி ரெஸ்க்யூ என்ற சாப்ட்வேர் இருக்கிறது. சாதாரண காப்பி, கெட்ட இடம் வந்தால் அங்கேயே நின்றுவிடும். இதுவோ கெட்ட இடத்தைத் தாண்டிப் போய் முதலில் நல்ல பகுதிகளை எல்லாம் அள்ளிக்கொள்கிறது. கடைசியில்தான் திரும்பி வந்து மீதியை முயல்கிறது. எதுவரை படித்தோம் என்பதை ஒரு மேப் பைலில் குறித்து வைப்பதால், நடுவில் கரன்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். டிஸ்க் சூடானால் நிறுத்தி ஆறவிட்டும் தொடரலாம்.

இதில் உயிர் போகும் இடம் ஒன்று உண்டு: எது பழைய டிஸ்க், எது புதிய டிஸ்க் என்று மாற்றிக் கொடுத்துவிட்டால் காலி டிஸ்க்கை எடுத்துத் தகவலின் மேல் எழுதிவிடும். எனவே டிஸ்க்கின் மாடல் பெயரையும் கொள்ளளவையும் பேப்பரில் எழுதி வைத்துக்கொண்டு, இரண்டு முறை சரிபார்த்த பிறகே என்டர் தட்டுங்கள். முழு டிஸ்க்கையும் ஒரே இமேஜ் பைலாக எடுப்பதால், வாங்கும் டிஸ்க்கில் பழையதைவிட அதிக இடம் வேண்டும். அது பேட்32 முறையில் பார்மட் ஆகியிருந்தால் 4 ஜி.பி.க்கு மேல் ஒரு பைலை ஏற்காது. என்டிஎப்எஸ் அல்லது எக்ஸ்பேட் ஆக இருக்கட்டும்.

இரண்டு இரவு, ஒரு பகல் ஓடியது. பிறகு இமேஜிலிருந்து டேலி போல்டரை எடுத்தேன், திறந்தது. டிராயிங்குகளில் ஏறத்தாழ எல்லாம் வந்தன. அவருடைய அப்பாவின் அறுபதாம் கல்யாண போட்டோக்களில் ஒரு போல்டர் மட்டும் பாதி சாம்பல் நிறமாக வந்தது. போட்டோரெக் போட்டும் தேறவில்லை. 19ம் தேதி மாலை ரிட்டர்ன் தாக்கல் செய்துவிட்டுப் போன் செய்தார். கணக்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, அந்தப் போட்டோக்களைப் பற்றித்தான் கேட்டார்.

கைவைத்தியம் வேண்டாம்

ஹார்ட் டிஸ்க்கை ப்ரிட்ஜ் ப்ரீசரில் வைத்தால் உயிர் வரும் என்று ஒரு பழைய வைத்தியம் இன்னும் உலவுகிறது. வெளியே எடுத்ததும் தட்டின் மேல் ஈரம் படியும். எண்ணூர், மீஞ்சூர் பக்கத்துப் புழுக்கத்தில் கேட்கவே வேண்டாம். மூடியைத் திறந்து பார்ப்பதும் அப்படியே. ஒரு தூசித் துகள் போதும். இன்னொன்று, அதே மாடல் டிஸ்க்கின் பச்சை போர்டைக் கழற்றி மாட்டுவது. இன்றைய டிஸ்க்குகளில் அந்தந்த டிஸ்க்குக்கே உரிய அளவீடுகள் போர்டில் உள்ள சிப்பில் பதிந்திருக்கும். வெறுமனே மாற்றினால் ஓடாது.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது போல வீட்டுக்குள் வெள்ளம் வந்து லேப்டாப் நனைந்தால், வெயிலில் காயவைத்து ஆன் செய்து பார்க்காதீர்கள். காய்ந்த சேறு தட்டில் ஒட்டிக்கொள்ளும். டிஸ்க்கை ஈரத்தோடு பிளாஸ்டிக் கவரில் மூடி நிபுணரிடம் கொண்டுபோங்கள். டிக் டிக் டிஸ்க்குக்கும் இதே வழிதான்: தூசியில்லாத கிளீன் ரூம் வசதி உள்ள டேட்டா ரெகவரி நிறுவனம். பணம் நிறையவே ஆகும். எனவே பரிசோதனைக்கு மட்டும் எவ்வளவு, தகவல் கிடைக்காவிட்டால் பணம் உண்டா, டிஸ்க்கைத் திருப்பித் தருவார்களா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாரண்டியில் இருந்தாலும் உஷார். கம்பெனி தருவது புது டிஸ்க்தான், உங்கள் தகவல் அல்ல. பழைய டிஸ்க்கை அவர்களே எடுத்துக்கொள்வதும் உண்டு.

எஸ்.எஸ்.டி. என்றால்?

சுழலும் பாகம் இல்லை, சத்தமும் இல்லை. பெரும்பாலும் முன்னறிவிப்பும் இல்லை. நேற்று வரை ஓடியது இன்று பயாசில் காணாமல் போகும். அழித்த பைலை மீட்பதும் கடினம். ட்ரிம் என்ற வசதி அழித்த இடத்தைப் பின்னணியில் துடைத்துவிடுகிறது. புதிய லேப்டாப்களில் மேலும் ஒரு பூட்டு. விண்டோஸ் 11ல் மைக்ரோசாப்ட் கணக்கோடு நுழைந்தால், பல லேப்டாப்களில் நமக்குத் தெரியாமலே பிட்லாக்கர் வகை என்கிரிப்ஷன் ஆன் ஆகிவிடுகிறது. டிஸ்க்கை வேறு கம்ப்யூட்டரில் மாட்டினால் 48 இலக்க ரெகவரி கீ கேட்கும். அது பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாப்ட் கணக்கிலேயே இருக்கும். லேப்டாப் நன்றாக ஓடும் இன்றைக்கே பார்த்து ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

புது டிஸ்க் வாங்கப் போகும்போது

மீஞ்சூரில் ரயில் ஏறினால் சென்ட்ரல், அங்கிருந்து ரிச்சி தெரு. ஆனால் பழைய டிஸ்க்கைக் கையோடு எடுத்துப் போங்கள். 2.5 அங்குல சாட்டா டிஸ்க்குகளிலேயே 7 மி.மீ., 9.5 மி.மீ. என இரண்டு தடிமன் உண்டு. எம்.2 வகையில் பார்வைக்கு ஒரே மாதிரி இருந்தாலும் சாட்டா வேறு, என்விஎம்இ வேறு. சாட்டா மட்டும் ஏற்கும் லேப்டாப்பில் என்விஎம்இ ஓடாது. பழைய லேப்டாப்புக்கும் சாட்டா எஸ்.எஸ்.டி.யே போடுங்கள். வேகத்தில் வித்தியாசம் கண்கூடாகத் தெரியும்.

விண்டோஸ் லைசென்ஸ் பற்றிக் கவலை வேண்டாம். விண்டோஸ் 10, 11 டிஜிட்டல் லைசென்ஸ் மதர்போர்டோடு சேர்ந்தது. டிஸ்க் மாற்றினாலும் தானே ஆக்டிவேட் ஆகும். ஆனால் விண்டோஸ் 10க்கான வழக்கமான சப்போர்ட் 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏறாத பழைய லேப்டாப் என்றால் லினக்ஸ் மின்ட் போட்டுப் பாருங்கள். மற்றொரு விஷயம்: இன்டெல் 11ம் தலைமுறை போன்ற லேப்டாப்களில் விண்டோஸ் இன்ஸ்டால் செய்யும்போது டிஸ்க்கே தெரியாமல் போகலாம். புது டிஸ்க்கும் பழுது என்று கடைக்குத் திரும்ப ஓடாதீர்கள். லேப்டாப் கம்பெனியின் தளத்திலிருந்து இன்டெல் ஆர்எஸ்டி டிரைவரைப் பென் டிரைவில் எடுத்து "லோட் டிரைவர்" கொடுத்தால் தெரியும்.

பழைய டிஸ்க்கை உடனே பழைய இரும்புக்குப் போடாதீர்கள். தேதி எழுதி ஒரு கவரில் போட்டு, மூன்று மாதமாவது பீரோவில் வையுங்கள். எந்த பைல் விட்டுப்போனது என்பது அதைத் தேடும் அன்றைக்குத்தான் தெரியும்.