போக்கிய வீடும் நம் வாலிபர்களும்

இராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர்ப் பகுதிகளில் நிக்காஹ் முடித்த வாலிபர்கள் அடிக்கடி கேட்கும் மஸ்அலா இது. சொந்த வீட்டுக்கென்று சேர்த்த பணத்தை ஒரு வீட்டுக்காரரிடம் கொடுத்து, 3 வருடம் வாடகையின்றிக் குடியிருந்துவிட்டு, முழுப் பணத்தையும் திரும்பப் பெறலாமா? இதைத்தான் போக்கியம் என்றும் லீஸ் என்றும் சொல்கிறார்கள். "வட்டியே இல்லையே, ஹஜ்ரத்!" என்பது அவர்கள் வாதம்.

கணக்குப் பாருங்கள். கொடுப்பது 5 லட்சம். திரும்புவதும் 5 லட்சம். ஆகவே அது கடன். அவ்வீட்டின் வாடகை மாதம் 8,000 ரூபாய் என்று வைத்தால் 36 மாதத்துக்கு 2,88,000 ரூபாய். இந்த ஆதாயம் எதனால் வந்தது? கடன் கொடுத்ததனால் வந்தது. நிபந்தனையிட்டுக் கடனுக்குப் பெறும் ஆதாயம் வட்டியே என்பதில் ஹனஃபி, ஷாஃபிஈ மத்ஹபுகளுக்குள் பேதமில்லை. 1882ஆம் வருடத்துச் சொத்து மாற்றுச் சட்டமும் இத்தகைய போக்கியத்தை அடமான வகையில்தான் சேர்த்திருக்கிறது. வீட்டு வருமானத்தை வட்டிக்கு ஈடாக எடுத்துக்கொள்வதென்று வெளிப்படையாகவே பேசுகிறது. வக்கீல்கள் ஒளிக்காததை நாம் ஏன் ஒளிக்க வேண்டும்?

அதே சட்டம் இன்னொரு வழியும் சொல்கிறது: வருமானத்தை அசலிலேயே கழிப்பது. நமக்கு வேண்டியது இதுதான். கொடுக்கும் தொகையை முன்வாடகை என்று எழுதி, ஊர் நடப்புப்படி வாடகை பேசி, மாதாமாதம் கழித்து வரட்டும். 3 வருடத்தில் காலி செய்தால் மீதி 2,12,000 கைக்கு வரும். பெயருக்கு 500 ரூபாய் வாடகை போடுவது வெறும் கண்துடைப்பு.

"அப்படியானால் சொந்த வீடு எப்போது?" நியாயமான கவலைதான். விற்பவரிடமே விலையை முடிவு செய்து தவணையில் வாங்குவது ஆகுமானது. பரீரா (ரலி) அவர்கள் தம் விடுதலைக்காக வருடத்துக்கு 1 ஊக்கியா வீதம் 9 ஊக்கியா பேசிக்கொண்டது ஹதீதில் வருகிறது. தவணை தவறினால் விலை ஏறக்கூடாது, அவ்வளவுதான். குடும்பத்தில் பங்கு பிரியாத பழைய வீடு இருந்தால் மற்ற வாரிசுகளின் பங்கை இம்முறையில் வாங்குவது இன்னும் எளிது. ஆனால் சகோதரியின் பங்குக்கும் பணம் தர வேண்டும். 'அவள் விட்டுக்கொடுத்துவிட்டாள்' என்ற பேச்சைப் பற்றித் தனியே எழுத வேண்டும்.

கடனை எழுதிக்கொள்ளும்படி அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம் விரிவாகக் கட்டளையிடுகிறது. அண்ணன் தம்பிக்குள்ளும் எழுதுங்கள், சாட்சி வையுங்கள். பத்திரம் பதியுமுன் வில்லங்கச் சான்று எடுத்து, மனை வக்ஃபு நிலமா, புறம்போக்கா என்றும் விசாரித்துக்கொள்ளுங்கள்.