வெளிநாட்டுக் கவனச் சோதனையைத் தமிழுக்குக் கொண்டுவரும் முன்

வேறு நாட்டுப் பிள்ளைகளுக்காக உருவான கவனச் சோதனையை நம் பிள்ளைகளிடம் அப்படியே வைத்தால், ஒழுங்காகக் கவனிக்கும் பிள்ளைக்கு ஏடிஹெச்டி முத்திரை விழும். உதவி தேவைப்படும் பிள்ளை ‘நார்மல்’ என்று வீட்டுக்கு அனுப்பப்படும். ‘டீச்’ என்று சுருக்கிச் சொல்லும் ‘டெஸ்ட் ஆஃப் எவ்ரிடே அட்டென்ஷன் ஃபார் சில்ட்ரன்’ சோதனையையே எடுத்துக்கொள்ளுங்கள். டாம் மான்லியும் சகாக்களும் 1990களின் இறுதியில் வெளியிட்டது, ஒன்பது துணைச் சோதனைகள் கொண்டது. அதன் முதல் நார்ம்ஸ் 6 முதல் 16 வயது வரையிலான 293 ஆஸ்திரேலியப் பிள்ளைகளிடம் எடுத்தவை. இதையோ இதுபோன்ற ஒன்றையோ ஆய்வுக்காக இங்கே கொண்டுவரப் போகிறீர்களா? முதல் பிள்ளையை உட்கார வைக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

செய்ய வேண்டியவை

• பதிப்பகத்தின் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். ஜெராக்ஸ் பிரதியில் திரட்டிய தரவை இதழ்கள் மறுக்கலாம்.

• ‘இன்டர்நேஷனல் டெஸ்ட் கமிஷன்’ 2017இல் வெளியிட்ட தழுவல் வழிகாட்டியை இன்றே இறக்கிக்கொள்ளுங்கள். மொத்தம் 18 விதிகள்தான். வைவாவில் வரும் கேள்விகளில் பாதிக்கு அதிலேயே பதில் இருக்கிறது.

• பிள்ளை எந்த மொழியில் எண்ணுகிறது என்று முதலில் பாருங்கள். ‘கிரியேச்சர் கவுண்டிங்’ பகுதியில் அம்புக்குறி திரும்பும்போதெல்லாம் எண்ணிக்கையை ஏற்றி இறக்க வேண்டும். வீட்டில் தமிழ் பேசும் மெட்ரிக் பள்ளிப் பிள்ளை ‘ஒன், டூ’ என்றுதான் எண்ணும். அதைத் தமிழில் எண்ணச் சொன்னால் நீங்கள் அளப்பது கவனத்தை அல்ல, எண்கள் வாயில் எவ்வளவு பழகியிருக்கின்றன என்பதை. பழகிய மொழியிலேயே எண்ண விடுங்கள். எந்த மொழி என்பதைத் தாளில் குறியுங்கள். கணக்குப் போடும்போது இரு குழுவையும் தனித்தனியாகவும் பாருங்கள்.

• ஒலிப்பதிவுகளைப் புதிதாகச் செய்யுங்கள். ஒரு பகுதியில் பிள்ளை ஒலிகளை எண்ணிக்கொண்டே செய்தி வாசிப்பில் வரும் விலங்கின் பெயரையும் பிடிக்க வேண்டும். அந்தச் செய்தி பிள்ளைக்குப் புரியும் தமிழில் இல்லாவிட்டால் அந்தப் பகுதியே வீண்.

• சின்னங்களைத் தேடும் பகுதிகளில் வரும் படங்களைக் காட்டி ‘இது என்ன?’ என்று கேளுங்கள். ஹோட்டலைக் குறிக்கும் கத்தி, முள்கரண்டிச் சின்னம், கையால் சாப்பிடும் பிள்ளைக்குக் கண்ணில் சட்டென்று படாமல் போகலாம்.

• வயதுப் பிரிவுகளைக் குறுகலாக வையுங்கள், சின்ன வயதில் இன்னும் குறுகலாக. ஆறு வயதுக்கும் எட்டு வயதுக்கும் நடுவே கவனம் வேகமாக வளர்கிறது.

• கண்ணையும் காதையும் முன்னதாகச் சோதியுங்கள். கண்ணாடி போடாத பிள்ளையின் தேடல் மதிப்பெண் வெறும் பார்வைக் குறைவாக இருக்கலாம்.

• சோதனையைச் சரிபார்க்க ஏடிஹெச்டி குழு ஒன்றைச் சேர்த்தால், அதற்கான நோயறிதலை, உங்கள் மதிப்பெண்ணைப் பார்க்காத மருத்துவரிடம் பெறுங்கள். மதிப்பெண்ணைப் பார்த்து நோயைச் சொல்லிவிட்டு, அந்த நோயை வைத்தே சோதனை சரி என்று நிரூபிப்பது வட்டமடிப்பு. பிள்ளை மாத்திரை சாப்பிடுகிறதா என்பதையும் பதிவு செய்யுங்கள்.

• பெற்றோர் கையெழுத்தோடு பிள்ளையின் சம்மதத்தையும் கேளுங்கள். ஐசிஎம்ஆர் 2017 நெறிமுறை அதைக் கேட்கிறது.

செய்யக்கூடாதவை

• தமிழாக்கத்தைத் திரும்ப ஆங்கிலத்துக்கு மாற்றிப் பார்த்ததோடு வேலிடேஷன் முடிந்தது என்று நினைக்காதீர்கள். சொல் சரியாக இருந்தும் பிள்ளைக்கு வேலை புரியாமல் இருக்கலாம். சிறிய பைலட் நடத்தி, ‘உன்னை என்ன செய்யச் சொன்னேன்?’ என்று அதன் வாயாலேயே சொல்ல வையுங்கள்.

• எண்ணையும் எழுத்தையும் மாற்றி மாற்றி இணைக்கும் ‘ட்ரெயில் மேக்கிங்’ சோதனையை அப்படியே எடுக்காதீர்கள். ஏ, பி, சி ஓடும் வேகத்தில் நம் எழுத்து வரிசை எல்லாப் பிள்ளைக்கும் ஓடாது. இந்தச் சிக்கலுக்காகவே எழுத்துக்குப் பதில் நிறங்களை வைத்த ‘கலர் ட்ரெயில்ஸ்’ வந்தது. பிள்ளைகளுக்கான வடிவமும் உண்டு.

• மதிய உணவுக்குச் சற்று முன்போ, பி.டி. பீரியட் நேரத்திலோ, சத்தமிடும் ஃபேனுக்குக் கீழேயோ சோதிக்காதீர்கள். பசியும் மைதானத்துச் சத்தமும் மதிப்பெண்ணில் ஏறிவிடும்.

• வேகத்தை அளக்கும் பகுதிகளுக்கு க்ரான்பாக் ஆல்ஃபா ஒன்றை மட்டும் காட்டாதீர்கள். அது நம்பகத்தன்மையை ஊதிக் காட்டும். சில வாரம் கழித்து மறுசோதனை செய்யுங்கள்; ‘டீச்’சில் அதற்கென்றே இணை வடிவம் இருக்கிறது.

• பிள்ளையின் கவனத்தைப் பற்றி ஆசிரியர் நிரப்பிய படிவத்தோடு மதிப்பெண் பலமாகப் பொருந்தவில்லை என்று பதறாதீர்கள், தரவைத் திருத்தவும் செய்யாதீர்கள். படிவமும் செயல்சோதனையும் லேசாகத்தான் பொருந்தும் என்பது இந்தத் துறையில் பலமுறை பார்த்த விஷயம்.

• அளவுகோல் இரண்டு நாட்டிலும் ஒரே மாதிரி வேலை செய்கிறதா என்று பார்க்காமல் சராசரிகளை ஒப்பிடாதீர்கள். ‘இந்தியப் பிள்ளைகளுக்குக் கவனம் குறைவு’ என்ற தலைப்புச் செய்தி அங்கேதான் பிறக்கும்.

• ஒரே மாவட்டத்தில் எடுத்ததற்கு ‘இந்திய நார்ம்ஸ்’ என்று பெயர் வைக்காதீர்கள். காமத் ‘பினே’ நுண்ணறிவுச் சோதனையைத் தழுவியது கன்னட, மராத்திப் பிள்ளைகளை வைத்து. பிறகு அது நாடெங்கும் புழங்கியது. மாலினின் 1969ஆம் ஆண்டு நுண்ணறிவு அளவுகோலும் இன்னும் சான்றிதழ்களில் உலவுகிறது. எந்த ஊர், எந்த வகைப் பள்ளி, எந்த ஆண்டு என்பதை அட்டவணையின் தலையிலேயே அச்சிடுங்கள்.

• உள்ளூர் நார்ம்ஸ் தயாராகும்வரை இந்த மதிப்பெண்ணை எந்தப் பிள்ளையின் ரிப்போர்ட்டிலும் எழுதாதீர்கள். பள்ளி கேட்டாலும், பெற்றோர் கெஞ்சினாலும், உங்கள் கைடே சொன்னாலும் மறுத்துவிடுங்கள்.