டியூப்போடு வீட்டுக்கு வந்தால்

மார்பில் ஒப்பரேஷன் செய்த சிலரை டியூப்போடேயே டிக்கட் வெட்டி வீட்டுக்கு அனுப்புகிறார்கள். அக்குளுக்குக் கீழே தோலுக்குள் இருந்து மெல்லிய டியூப் ஒன்று வெளியே வரும். அதன் நுனியில் அமுக்கி வைத்த பிளாஸ்டிக் குடுவை அல்லது போத்தல் இருக்கும். லயத்தில் பார்க்க வருகிறவர்கள் "ஐயோ, இதென்ன?" என்று பயங்காட்டுவார்கள். பயப்பட ஒன்றுமில்லை. கட்டியை எடுத்த இடத்தில் இரத்தமும் நீரும் ஊறும். அதை உறிஞ்சி வெளியே எடுப்பதுதான் இந்த டியூப்பின் வேலை. குடுவை அமுங்கியிருக்கும் வரைதான் அது உறிஞ்சும். காற்றுப் புகுந்து உப்பிவிட்டால் சும்மாதான் தொங்கும்.

வீட்டில் குடுவையைத் திறக்கலாமா என்று வார்டிலேயே மிஸ்ஸியிடம் கேட்டுக்கொண்டு வாங்க. சில போத்தல்களை கிளினிக்கில்தான் மாற்றுவார்கள். வீட்டில் கோட்டைப் பார்த்து அளவை எழுதினால் போதும். திறக்கும் வகையென்றால் காலையும் பின்னேரமும் ஊற்ற வேண்டும். ஊற்றுகிறவர் யாராக இருந்தாலும், கொழுந்துக் கறையும் அழுக்கும் போக சவர்க்காரம் போட்டுக் கை கழுவாமல் தொடவே கூடாது. மூடியைத் திறந்து அளவுக் கோப்பையில் ஊற்றுங்கள். மூடியின் உட்பக்கத்தில் கை படக்கூடாது. பிறகு குடுவையை நன்றாக அமுக்கிப் பிடித்தபடியே மூடுங்கள். அளவைப் பார்த்தபின் நீரைக் கக்கூசில் ஊற்றுங்கள், லயத்துக் கானில் வேண்டாம்.

இனி கொப்பி. பிள்ளையின் பழைய அப்பியாசக் கொப்பி ஒன்று போதும். திகதி, நேரம், எத்தனை மில்லிலீற்றர், என்ன நிறம் என்று எழுதுங்கள். இரண்டு டியூப் இருந்தால் இரண்டுக்கும் வேறு வேறாக எழுத வேண்டும். கொழுந்து நிறுக்கும்போது ஒரு கிலோ குறைந்தாலும் நாம் விடுகிறோமா? இந்தக் கணக்கும் அப்படித்தான். டியூப்பை எப்போது எடுப்பது என்று டொக்டர் முடிவு செய்வதே இந்தக் கொப்பியைப் பார்த்துத்தான். பெரும்பாலும் 24 மணித்தியாலத்தில் 30 மில்லிலீற்றருக்குக் குறைவாக, அடுத்தடுத்து இரண்டு நாள் வந்தால் எடுப்பார்கள். சில டொக்டர்மாரின் கணக்கு வேறாக இருக்கும். நிறம் முதலில் சிவப்பு, பிறகு ரோஸ், கடைசியில் லைட்டான பிளேன்டீ போல மஞ்சளாக வரும்.

"இத இழுத்துப் போட்டா நாளைக்கே மலைக்குப் போயிரலாம், பேர் போகுதே" என்று சொல்கிறவர்கள் உண்டு. அந்தக் கவலை நியாயமானதுதான். ஆனால் நேரத்துக்கு முந்தி எடுத்தால் நீர் உள்ளேயே தேங்கி வீங்கும். ஊசி போட்டு இழுக்க வேண்டி வரலாம். கிருமி பிடித்தால் மஹரகமையிலோ கண்டியிலோ அடுத்து எடுக்க வேண்டிய சிகிச்சையும் தள்ளிப்போகும். அப்போது போகிற பேர் இன்னும் அதிகம். டிக்கட் வெட்டும்போதே மெடிக்கல் சேட்டிபிக்கட்டையும் கேட்டு வாங்குங்க. கூடை, விறகுக்கட்டு, தண்ணி வாளி எதையும் டொக்டர் சொல்லும் வரை அந்தக் கையால் தூக்க வேண்டாம்.

குடுவையைக் காயத்துக்குக் கீழே இருக்கும்படி சட்டையில் ஊக்கால் குத்தி வையுங்கள். படுக்கும்போது டியூப் மடங்கக்கூடாது. மடியில் ஏறுகிற சின்னப்பிள்ளைகள் கவனம். பீலியில் குளிக்கக்கூடாது, ஈரத்துணியால் உடம்பைத் துடைத்தால் போதும். மஞ்சள், எண்ணெய், சாம்பல் எதையும் காயத்தில் பூசாதீங்க, பெரியவங்க சொன்னாலும் சரி.

காய்ச்சல், குளிர் நடுக்கம், கெட்ட வாடை, சீழ், காயத்தைச் சுற்றிச் சிவந்து பரவுதல், திடீரென்று நீர் நின்று வீங்குதல், அமுக்கிய குடுவை திரும்பத் திரும்ப உப்புதல், இவற்றில் ஒன்று கண்டாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். டியூப் கழன்று வந்தால் திரும்ப உள்ளே தள்ளாதீங்க. சுத்தமான துணியால் மூடிக்கொண்டு போங்க. புது இரத்தம் நிறைய வந்தால் 1990க்கு அடியுங்கள். அம்புலன்ஸ் இலவசம். தோட்டத்தின் பெயரையும் டிவிஷனையும் தெளிவாகச் சொல்லி, வாகனம் வரக்கூடிய ரோட்டுக்கு ஒருவரை முன்னால் அனுப்பி வையுங்கள். கொப்பியும் கிளினிக் காட்டும் நோயாளியோடேயே போகட்டும்.