அபலோன் இனங்களை அடையாளங்காணல்: உயர்தர உயிரியல் மாணவருக்கு முக்கியக் குறிப்புகள்

ஊவா மாகாணத்தின் இரு மாவட்டங்களான பதுளைக்கும் மொனராகலைக்கும் கடற்கரை இல்லை. பசறையிலோ ஹாலிஎலையிலோ லயத்திலிருந்து படிக்கும் பிள்ளை அபலோனைப் படத்தில்தான் பார்த்திருக்கும். ஆனால் அதே வகுப்பைச் சேர்ந்த நத்தை வீட்டு மரக்கறிப் பாத்தியிலேயே கிடக்கிறது. ஓட்டைப் பார்த்து இனங்காணும் பழக்கத்தை அதிலிருந்தே தொடங்கலாம்.

• கணம் மொலஸ்கா, வகுப்பு கஸ்திரோபொடா, குடும்பம் ஹலியோட்டிடே. குடும்பத்தில் இன்று வாழும் சாதி ஹலியோட்டிஸ் ஒன்றே. பெயரிட்டவர் லின்னேயஸ், 1758.

• ஓடு காது வடிவில் தட்டையாக இருப்பதால் சிலர் இதைப் பைவால்வியா என்று எழுதிவிடுகிறார்கள். ஓடு ஒன்றுதான், ஓரமாகச் சிறு சுருளும் உண்டு. அந்தச் சுருளைக் கண்டால் சந்தேகம் தீரும்.

• ஓட்டின் இடப்பக்கம் வரிசையாகத் துளைகள். பூக்களைக் கடந்த நீரும் கழிவும் புணரிகளும் இவற்றின் வழியே வெளியேறும். ஓடு வளர வளர விளிம்பில் புதுத்துளை தோன்றும். பழையவை அடைபட்டுப் புடைப்புகளாக நிற்கும். எண்ண வேண்டியது திறந்த துளைகளை மட்டுமே. ஈர்க்குச்சியை நுழைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்: மறுபக்கம் வந்தால் திறந்தது, முட்டி நின்றால் அடைபட்டது.

• ஓட்டின் வெளிநிறத்தை நம்பி விடை எழுதாதீர்கள். உண்ணும் அல்காவுக்கு ஏற்ப அது மாறும். ஒரே ஓட்டில் வேறுவேறு நிறப்பட்டைகளும் வரும். மாறாக, உயிருள்ள விலங்கின் பாத ஓர நிறம் உதவும். அவுஸ்திரேலியாவின் ஹலியோட்டிஸ் ருப்ராவுக்கு அது கறுப்பு, ஹலியோட்டிஸ் லெவிகேட்டாவுக்குப் பச்சை.

• நமக்கு நெருங்கிய இனம் ஹலியோட்டிஸ் வேரியா. மன்னார் வளைகுடாவிலும் இலங்கைக் கரையோரப் பாறைகளிலும் வாழ்கிறது. நீள்வட்ட ஓடு, கரடுமுரடான வரிகள், பெரும்பாலும் 4 அல்லது 5 திறந்த துளைகள். இந்தியாவின் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தூத்துக்குடி மையம் இதைப் பொரிப்பகத்தில் வளர்த்துக் காட்டியிருக்கிறது.

• ஹலியோட்டிஸ் அசினினா: நீண்டு ஒடுங்கிய வழுவழுப்பான ஓடு, 5 முதல் 7 துளைகள். பெரிய மென்மூடி ஓட்டின் மேலும் படரும். அந்தமானில் உண்டு.

• கலிபோர்னியக் கரையில் ஹலியோட்டிஸ் ரூபசென்ஸ், 3 அல்லது 4 துளைகள், 30 செ.மீ. வரை வளரும் இதுவே உலகின் மிகப் பெரிய அபலோன். அங்கேயே ஹலியோட்டிஸ் கொருகேட்டா, குழாய்போல் உயர்ந்த 2 முதல் 4 துளைகள். ஹலியோட்டிஸ் கிரச்சரோடியில் துளைகள் ஓட்டோடு ஓடாகத் தாழ்ந்திருக்கும். இணைக்கவர்ச் சுட்டி அமைக்கச் சொன்னால் முதற்கேள்வியாக 'துளை உயர்ந்ததா, தாழ்ந்ததா' என்பதை வையுங்கள். எண்ணிக்கை இனங்களுக்கிடையே ஒன்றன்மேல் ஒன்று படிவதால் அது இரண்டாவதாக வரட்டும்.

• இனி வீட்டுப் பாத்திக்கு வருவோம். பெரும்பாலும் கண்ணில் படுவது இராட்சத ஆபிரிக்க நத்தை. 1847இல் கல்கத்தாவுக்கும் 1900இல் இலங்கைக்கும் கொண்டுவரப்பட்டது. உயர்ந்த கூம்பு ஓடு, கபில நிறக் கோடுகள். வாயின் வெளியுதடு மெல்லியது. நடுத்தண்டின் அடி வெட்டிவிட்டாற்போல் சட்டென முடியும். இலங்கைக்கே உரிய அக்காவஸ் சாதி ஈரவலய மரங்களில் வாழ்வது; அதன் உதடு தடித்து வெளிப்புறம் மடிந்திருக்கும். விரலால் உதட்டைத் தடவினாலே இரண்டும் பிரிந்துவிடும். அக்காவஸைக் கொன்றுவிடாதீர்கள். ஆபிரிக்க நத்தை மூளையுறையைத் தாக்கும் ஒட்டுண்ணிப் புழுவைக் காவக்கூடியது. வெற்று ஓட்டைத் தொட்டாலும் சவர்க்காரமிட்டுக் கைகழுவுங்கள்.

• ஒப்பிடும் வினாவுக்கு: அபலோனில் ஆண், பெண் வேறு, கருக்கட்டல் நீரில், சுவாசம் பூக்களால். இந்தத் தரைநத்தைகள் இருபாலானவை, கருக்கட்டல் உடலுக்குள், சுவாசம் நுரையீரலால்.

• ஹலியோட்டிஸ் சொரென்செனி 2001இல் அமெரிக்காவின் அழிவாபத்துப் பட்டியலில் ஏறிய முதற் கடல்வாழ் முள்ளந்தண்டிலி. காரணம் அளவுமீறிய பிடிப்பு. எஞ்சியவை தூரதூரமாகச் சிதறியிருந்ததால் நீரில் விட்ட விந்தும் முட்டையும் சந்திக்க முடியாமற்போயிற்று. 2022 டிசம்பரில் ஐ.யு.சி.என். செம்பட்டியல் உலகின் 54 அபலோன் இனங்களில் 20 அச்சுறுத்தலில் உள்ளதாக அறிவித்தது.