பழைய லேப்டாப்பை டிவியோடு இணைக்கப் போகிறீர்களா?

2011 முதல் தமிழக அரசு மாணவர்களுக்குக் கொடுத்த விலையில்லா லேப்டாப்கள் பல வீட்டு அலமாரிகளில் இன்னும் தூங்குகின்றன. பேட்டரி நிற்காது, திரையும் சின்னது என்று ஒதுக்கிவைத்தவை. சார்ஜரைச் செருகியபடியே டிவியோடு இணைத்தால், பிள்ளைகளின் பாட வீடியோவுக்கும் கல்யாண ஆல்பத்துக்கும் அவை தாராளமாகப் போதும். குப்பைக்குப் போடும் முன் ஒரு முறை இணைத்துப் பாருங்கள்.

செய்ய வேண்டியவை

• கேபிள் வாங்கக் கிளம்பும் முன் லேப்டாப்பின் பக்கவாட்டையும் டிவியின் பின்புறத்தையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தட்டையான சிறிய துளை எச்டிஎம்ஐ. மூன்று வரிசையில் 15 ஓட்டைகள், இருபுறமும் திருகு மாட்ட இடம் என்று இருந்தால் அது விஜிஏ. 1987-ல் ஐபிஎம் கொண்டுவந்தது.

• இரண்டிலும் எச்டிஎம்ஐ இருந்தால் கவலையே இல்லை. படம், ஒலி இரண்டுக்கும் ஒரே கேபிள்.

• லேப்டாப்பில் விஜிஏ மட்டும், டிவியில் எச்டிஎம்ஐ மட்டும் என்றால் கன்வெர்ட்டர் தேவை. விஜிஏ தருவது அனலாக் சிக்னல். அதை டிஜிட்டலாக மாற்ற உள்ளே ஒரு சிப் வேலை செய்ய வேண்டும், அதற்கு மின்சாரமும் வேண்டும். அதனால் மின்சாரத்துக்கு யூஎஸ்பி இணைப்பும், ஒலிக்கு ஆடியோ இணைப்பும் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். விஜிஏவில் ஒலி வராது.

• விண்டோஸ் 7 முதல் எல்லாவற்றிலும் விண்டோஸ் விசையோடு ‘பி’ விசையை அழுத்தினால், படம் எந்தத் திரையில் வர வேண்டும் என்று கேட்கும். டிவி ரிமோட்டில் சரியான சோர்ஸையும் தேர்ந்தெடுங்கள்.

• எச்டிஎம்ஐயில் படம் வந்தும் சத்தம் லேப்டாப்பிலேயே கேட்டால், ஸ்பீக்கர் ஐகானை ரைட் கிளிக் செய்து ஒலியை டிவிக்கு மாற்றுங்கள். படத்தின் ஓரங்கள் வெட்டுப்பட்டால் டிவியின் பிக்சர் செட்டிங்கில் ‘ஜஸ்ட் ஸ்கேன்’ அல்லது ‘ஸ்க்ரீன் ஃபிட்’ இருக்கிறதா பாருங்கள்.

செய்யக்கூடாதவை

• ஒரு முனை விஜிஏ, மறுமுனை எச்டிஎம்ஐ என்று சிப் இல்லாமல் விற்கும் வெறும் கேபிளை வாங்காதீர்கள். ‘எச்டிஎம்ஐ டு விஜிஏ’ கன்வெர்ட்டரும் வேண்டாம். பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் எதிர்த்திசையில் வேலை செய்யாது.

• விஜிஏ பிளக்கை அழுத்தித் திணிக்காதீர்கள். பின் வளைந்தால் நிறம் போய்விடும்: வெள்ளை மஞ்சளாகத் தெரிந்தால் நீல நிறத்துக்கான பின் தொடவில்லை, இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் பச்சைக்கான பின். வளைந்ததை, லெட் எடுத்த மைக்ரோடிப் பென்சிலின் முனையில் நுழைத்து மெதுவாக நிமிர்த்தலாம். நடு வரிசையில் ஒரு பின் இல்லாமலே பல கேபிள்கள் வரும், அது குறையல்ல.

• டிவியும் லேப்டாப்பும் ஓடும்போது செருகாதீர்கள். எர்த் சரியில்லாத வீட்டில் பிளக்கின் உலோகப் பகுதி சுரீரென்று இழுக்கும், போர்ட்டும் போகும். சுவிட்சை அணைத்துவிட்டு மாட்டுங்கள்.

• மெத்தை மேலும் தலையணை மேலும் லேப்டாப்பை வைக்காதீர்கள். காற்றுப் போகும் வழி அடைபட்டு சூடேறும்.

• விண்டோஸ் 7-க்கான பாதுகாப்பு அப்டேட் 2020 ஜனவரியோடு நின்றுவிட்டது. அதில் படம் பாருங்கள். பேங்க் கணக்கைத் திறக்க வேண்டாம்.

கடைக்குப் போகும்போது லேப்டாப்பையும் சார்ஜரையும் கையோடு எடுத்துப் போங்கள். அங்கேயே ஒரு டிவியில் மாட்டி, படமும் ஒலியும் வருவதைப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.