கூண்டு வைத்தால் தீருமா? சிறுத்தை: நம்பிக்கைகளும் உண்மைகளும்

2024 ஏப்ரல் தொடக்கத்தில், மயிலாடுதுறை செம்மங்குளம் பகுதியில் இரவு நேரத்தில் ஒரு சிறுத்தை தெருவில் நடந்து போனது கண்காணிப்பு கேமராவில் பதிவானது. பொழுது விடிந்ததும் அந்தக் காட்சி டெல்டா முழுக்கக் கைபேசிகளில் ஓடியது. பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள். கூண்டுகளும் தானியங்கி கேமராக்களும் வந்து இறங்கின. வனத்துறையினர் ஓடைக்கரைப் புதர்களை நாள்கணக்கில் சலித்தார்கள். சிறுத்தை சிக்கவில்லை. சில நாள் கழித்து அரியலூர் மாவட்டம் செந்துறைப் பக்கம் சிறுத்தை நடமாட்டம் என்று செய்தி வந்தது.

அந்த நாட்களில் டீக்கடையிலும் வாட்ஸ்அப்பிலும் பேசப்பட்டவற்றைக் கேட்டவர்களுக்கு ஒன்று புரிந்திருக்கும். நம் பக்கத்தில் வாழும் இந்த விலங்கைப் பற்றி நமக்குத் தெரிந்ததைவிட நாம் நம்புவது அதிகம். அந்த நம்பிக்கைகள் வெறும் பேச்சோடு நிற்பதில்லை. அவற்றை வைத்துத்தான் கூட்டம் கூடுகிறது, கூண்டு கேட்டு மறியல் நடக்கிறது, விளக்குப் போடவேண்டிய இடம் இருட்டாகவே கிடக்கிறது. அதனால் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

“காட்டை அழித்துவிட்டோம், அதனால் ஊருக்குள் வந்துவிட்டது”

நல்ல மனதோடு சொல்லப்படுவது இது. காடு சுருங்கியதும் உண்மைதான். ஆனால் சிறுத்தை விஷயத்தில் இந்த விளக்கம் பாதி தூரம்கூட வராது.

மகாராஷ்டிரத்தில் அன்றைய அகமத்நகர் மாவட்டத்தின் அகோலே பகுதி கரும்பு வயலும் கிராமமுமாக இருக்கும் இடம். சொல்லிக்கொள்ளும்படி காடு கிடையாது. சதுர கிலோமீட்டருக்கு 300 பேருக்கு மேல் மனிதர்கள் வாழ்கிறார்கள். அங்கே வனவிலங்கு ஆய்வாளர் வித்யா ஆத்ரேயா குழுவினர் கேமரா வைத்துப் பார்த்தபோது, வளர்ந்த சிறுத்தைகளும் குட்டிகளும் அந்த வயல்களிலேயே நிரந்தரமாகக் குடியிருப்பது தெரிந்தது. கரும்புக்குள் பிறந்து, கரும்புக்குள் வளர்ந்து, இரவில் வீட்டு வாசல்களைக் கடந்து போகிற சிறுத்தைகள் அவை. எந்தக் காட்டிலிருந்தும் துரத்தப்பட்டு வந்தவை அல்ல.

சாப்பாடு? எச்சத்தைப் பரிசோதித்தார்கள். தின்ற இரையின் எடையில் 87 விழுக்காடு வீட்டு விலங்குகளும் ஊர் விலங்குகளுமே. அதில் நாய் மட்டும் 39 விழுக்காடு. ஆடு அதற்கு வெகு பின்னால்தான் வருகிறது. புலிக்கு மானும் காட்டுமாடும் வேண்டும், பெரிய காடு வேண்டும். சிறுத்தைக்கு அப்படி இல்லை. முயல், பன்றி, குரங்கு, நாய், கோழி என்று கிடைத்ததைத் தின்று, வாய்க்கால் மேட்டுப் புதரில்கூடப் பகலைக் கழித்துவிடும்.

ஆகவே ஒரு ஊரில் சிறுத்தை நடமாடுகிறது என்றால், முதலில் போய்ப் பார்க்கவேண்டியது அந்த ஊரின் இறைச்சிக் கழிவு எங்கே கொட்டப்படுகிறது என்பதைத்தான். கழிவு இருக்கும் இடத்தில் நாய் பெருகும். நாய் பெருகிய இடத்துக்குச் சிறுத்தை வரும். மும்பையில் இதைக் கண்கூடாகப் பார்க்கலாம். நகரத்துக்கு நடுவே ஏறக்குறைய 104 சதுர கிலோமீட்டரில் இருக்கிறது சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா. அதிலும் சுற்றுவட்டாரத்திலும் 2018 கேமரா கணக்கெடுப்பில் 47 சிறுத்தைகள் பதிவாயின. பூங்காவின் சிறுத்தைகள் ஆண்டுக்குச் சுமார் 1,500 தெருநாய்களைத் தின்பதாக அதே ஆண்டு வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. பூங்காவை ஒட்டிய அடுக்குமாடிகளின் சுற்றுச்சுவர் மேல் சிறுத்தை உட்கார்ந்திருக்கும் படங்கள் அங்கே அடிக்கடி வருகின்றன.

தமிழ்நாட்டில் 2022 கணக்கெடுப்பின்படி 1,070 சிறுத்தைகள். அந்தக் கணக்கு பெரும்பாலும் காடுகளில் எடுத்தது. தேயிலைத் தோட்டத்திலும் மலையடிவார வயல்களிலும் வாழ்பவை அதில் முழுதாக வரவில்லை.

“கால்தடம் பார்த்தோம், சிறுத்தையேதான்”

வனத்துறைக்கு வரும் அழைப்புகளில் நாய்த் தடமும், காட்டுப்பூனையும், புனுகுப்பூனையும் சிறுத்தையாக மாறி வருவது வாடிக்கை. ஈரமண்ணில் குனிந்து பாருங்கள். விரல்களுக்கு முன்னால் கூர்மையான நகப்புள்ளிகள் பதிந்திருந்தால் அது பெரும்பாலும் நாய். பூனை இனம் நடக்கும்போது நகத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும், தடத்தில் அது விழாது. பின்பக்கத்துப் பெரிய மெத்தையின் கீழ்விளிம்பையும் பாருங்கள். சிறுத்தைக்கு மூன்று மேடாக வளைந்திருக்கும், நாய்க்கு இரண்டுதான். பக்கத்தில் ஒரு ஐந்து ரூபாய் நாணயத்தை வைத்துப் படம் எடுத்து வனத்துறைக்கு அனுப்புங்கள், அளவு தெரிந்துவிடும். வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பவேண்டாம். இப்போது சிறுத்தைப் படத்தை யாரும் கணினியில் செய்துவிடலாம். ஒரு பொய்ப்படம் ஒரு ஊரையே கம்பும் கடப்பாரையுமாகத் தெருவுக்குக் கொண்டுவந்துவிடும்.

குன்னூர், கோத்தகிரி பக்கம் தென்படும் கருஞ்சிறுத்தை தனி இனம் என்றும் கொடியது என்றும் ஒரு பேச்சு உண்டு. அதுவும் சாதாரணச் சிறுத்தைதான், மரபணுவால் நிறம் கறுத்தது. நல்ல வெயிலில் பார்த்தால் கறுப்புக்குள்ளே புள்ளிகள் தெரியும்.

“பிடித்து அடர்ந்த காட்டில் விட்டுவிட்டால் தீர்ந்தது”

எல்லாவற்றிலும் அதிகத் தீங்கு செய்த நம்பிக்கை இதுதான். சிறுத்தையை நேசிப்பவரும் வெறுப்பவரும் ஒன்றுபோலக் கேட்பது இதையே என்பதால் யாரும் மறுத்துப் பேசுவதில்லை.

புனே அருகே ஜுன்னர் வனப்பகுதியில் நடந்ததைச் சொல்கிறேன். 2001 வரை அங்கே ஆண்டுக்குச் சராசரியாக 4 பேர் சிறுத்தையால் தாக்கப்பட்டார்கள். பிறகு பெரிய அளவில் சிறுத்தைகளைப் பிடித்துச் சராசரியாக 40 கிலோமீட்டர் தள்ளிக் காடுகளில் கொண்டுபோய் விட்டார்கள். அடுத்து வந்த ஆண்டுகளில் தாக்குதல் ஆண்டுக்கு 17 ஆனது. குறைக்கச் செய்தது நான்கு மடங்காக்கியது. மும்பையிலும் இதே கதை. வெளியூர்களில் பிடித்த சிறுத்தைகளைச் சஞ்சய் காந்தி பூங்காவில் விட்டுவந்த காலத்தில்தான், 2002 முதல் 2004 வரை, அங்கே தாக்குதல்கள் உச்சத்தில் இருந்தன.

ஏன்? வளர்ந்த சிறுத்தைக்குச் சொந்த எல்லை உண்டு. எந்தப் புதரில் பகலில் படுக்கலாம், எந்த வீட்டில் எத்தனை மணிக்கு விளக்கணையும், எந்தப் பாதையில் ஆள் நடமாட்டம் இருக்காது என்பதெல்லாம் அதற்கு மனப்பாடம். மனிதர் கண்ணில் படாமல் வாழ்வதே அதன் பிழைப்பு. அதைக் கூண்டில் அடைக்கிறோம். கம்பியைக் கடித்துக் கோரைப்பல் உடைகிறது. சுற்றி நின்று நூறு பேர் கத்துகிறார்கள். பிறகு முன்பின் தெரியாத இடத்தில், ஏற்கெனவே வேறு சிறுத்தைகள் ஆளும் எல்லையில், இறக்கிவிடுகிறோம். அங்கே அது தங்காது, வீடு தேடி நடக்கும். வழியெல்லாம் புது ஊர், புது மனிதர்கள். இங்கோ, அது விட்டுப்போன எல்லைக்கு இன்னொரு சிறுத்தை வந்துவிடுகிறது. பெரும்பாலும் அனுபவமில்லாத இளசு.

வீடு தேடி நடக்கும் என்றால் எவ்வளவு தூரம்? 2009இல் அகமத்நகர் மாவட்டத்தில் ஒரு கிணற்றில் விழுந்து மீட்கப்பட்ட ஆண் சிறுத்தை ஒன்றுக்குக் கழுத்தில் கருவி மாட்டி மால்ஷேஜ் கணவாய்ப் பக்கம் விட்டார்கள். ஆஜோபா, அதாவது தாத்தா என்று பெயர். ஒரு மாதத்துக்குள் அது 120 கிலோமீட்டர் போய் மும்பையை அடைந்தது. நெடுஞ்சாலையைத் தாண்டியது, கசாரா ரயில் நிலையப் பக்கம் கடந்தது, வசாய் தொழிற்பேட்டை வழியாக வந்து கழிமுகத்தை நீந்தியது. வழியில் யாரையும் தொடவில்லை. இரண்டாண்டு கழித்து மும்பை அகமதாபாத் நெடுஞ்சாலையில் வண்டி மோதிச் செத்தது.

இன்னொன்றையும் யோசிக்கவேண்டும். கூண்டில் ஆட்டையோ நாயையோ கட்டி வைத்தால், அந்த இரவில் எந்தச் சிறுத்தை பசியோடு அந்தப் பக்கம் வருகிறதோ அதுதான் சிக்கும். தாக்கியது அதுதானா என்பது கூண்டுக்குத் தெரியாது. ஒன்று பிடிபட்டதும் ஊர் நிம்மதியாகக் கதவைத் திறந்துவைக்கிறது. ஆபத்து அங்கேதான். தென்பட்டது என்பதற்காக மட்டும் சிறுத்தையைப் பிடிக்கக்கூடாது என்று 2011இல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்வது இதையெல்லாம் பார்த்த பிறகுதான்.

“மனித ரத்தம் ருசித்துவிட்டால் விடாது”

நம் ரத்தத்தில் உப்பு அதிகம், அதற்காகத் தேடி வரும் என்பதற்கு ஆதாரம் இல்லை. திரும்பத் திரும்ப மனிதரைக் கொன்ற சிறுத்தைகள் இருந்திருக்கின்றன. ருத்ரபிரயாகில் 125 பேரைக் கொன்றதாகப் பதிவான சிறுத்தையை 1926இல் ஜிம் கார்பெட் சுட்டார். அப்படி ஒரு தனிச் சிறுத்தை தெளிவாக அடையாளம் காணப்பட்டால் அதை அப்புறப்படுத்தத்தான் வேண்டும், அதில் எனக்கு மறுபேச்சில்லை. ஆனால் ஒரு முறை தாக்கிய சிறுத்தையெல்லாம் ஆட்கொல்லியாகிவிடுவதில்லை. ஆயிரக்கணக்கான சிறுத்தைகள் நம் அருகே வாழ்ந்தும் மிகப் பெரும்பாலானவை நம்மை இரையாகவே பார்ப்பதில்லை.

“மயக்க ஊசி போட்டால் சுருண்டு விழும்”

சினிமா தந்த நம்பிக்கை. ஊசி பட்ட பிறகு மருந்து ஏற ஐந்து முதல் பதினைந்து நிமிடம் ஆகலாம். மிரண்டு ஓடிக்கொண்டிருக்கும் விலங்குக்கு இன்னும் நேரமாகும். அந்த நிமிடங்களில்தான் அது மிகவும் ஆபத்தானது. சுற்றிலும் கூட்டம் நின்று கைபேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தால், தப்பிக்கும் வழியே மனிதர்கள் மீதாகத்தான் இருக்கும்.

2016 பிப்ரவரியில் பெங்களூரில் ஒரு பள்ளி வளாகத்துக்குள் புகுந்த சிறுத்தையைப் பிடிக்கும் முயற்சியில் பலர் காயமடைந்தார்கள். சிறுத்தைகளைப் பல ஆண்டு ஆராய்ந்த சஞ்சய் குப்பியையே அது கடித்துக் குதறியது. 2022 ஜனவரியில் கோவை குனியமுத்தூர்ப் பக்கம் பாழடைந்த கிடங்கு ஒன்றில் சிறுத்தை பதுங்கியபோது வனத்துறை வேறு வழி எடுத்தது. வெளியேறும் வழிகளை அடைத்துக் கூண்டு வைத்து, உள்ளே போகாமல், நாள்கணக்கில் காத்திருந்தார்கள். பொறுத்திருந்ததன் பலன், ஓர் இரவு அது தானாகவே கூண்டுக்குள் வந்தது. அந்த நாட்களில் கூட்டத்தைத் தள்ளி நிறுத்திய காவலர்களுக்கும் அந்த வெற்றியில் பங்கு உண்டு.

“நாம் சீண்டாவிட்டால் அது ஒன்றும் செய்யாது”

இது என்னைப் போன்ற காட்டுயிர் ஆர்வலர்கள் பரப்பும் நம்பிக்கை. ஆகவே இதைத்தான் மிகவும் கறாராகத் திருத்தவேண்டும்.

2024 ஜனவரியில் பந்தலூரிலும், 2025 ஜூனில் வால்பாறையிலும் ஜார்க்கண்டிலிருந்து தேயிலைத் தோட்ட வேலைக்கு வந்த குடும்பங்களின் சின்னக் குழந்தைகளைச் சிறுத்தை கொன்றது. அவர்கள் எதையும் சீண்டவில்லை. அந்தத் தாய்மார்களிடம் போய், சிறுத்தை தாக்குவது அரிது என்று புள்ளிவிவரம் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

சிறுத்தை உயரத்தைப் பார்க்கிறது. நிமிர்ந்து நிற்கும் ஆள் பொதுவாக அதற்கு இரையல்ல. குழந்தையும், குனிந்தவரும், குந்தியவரும் அந்தி மங்கலில் ஆடு நாய் அளவில் தெரிகிறார்கள். 2021 செப்டம்பரில் மும்பை ஆரே காலனியில் பதிவான காட்சியில் இதைப் பார்க்கலாம். கைத்தடியோடு நடந்து வந்த பெண்மணி ஒருவர் வீட்டு வாசல் விளிம்பில் உட்காருகிறார். அதன் பிறகுதான் சிறுத்தை பின்னாலிருந்து பதுங்கி வந்து பாய்கிறது. கீழே விழுந்தும் அவர் கைத்தடியை விடவில்லை. முகத்துக்கு நேரே வீசுகிறார், சிறுத்தை பின்வாங்கிப் போய்விடுகிறது. எதிர்ப்பட்டால் செய்யவேண்டியதும் இதுதான்: முதுகைக் காட்டி ஓடாதீர்கள், குனியாதீர்கள், குழந்தையைத் தூக்கிக்கொள்ளுங்கள், சத்தம் போட்டபடி பின்னோக்கி நகருங்கள். அது போக வழிவிடுங்கள்.

ஆனால் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லைன் வீட்டில் வளரும் பிள்ளைக்கு இந்த அறிவுரை என்ன செய்யும்? தேயிலைச் செடி வீட்டுச் சுவர்வரை வந்து நிற்கிறது. கழிப்பறை வெளியே இருக்கிறது. தெருவிளக்கு எரிவதில்லை. அப்பாவும் அம்மாவும் இலை எடை போட்டுவிட்டு வீடு திரும்பும் முன்பே பொழுது சாய்ந்துவிடுகிறது. அங்கே கேட்கவேண்டியவை கூண்டைவிட மலிவானவை. வீட்டு வரிசையைச் சுற்றி நல்ல அகலத்துக்குச் செடியையும் புதரையும் வெட்டித் திறந்தவெளி விடவேண்டும். ஒவ்வொரு முற்றத்திலும் கழிப்பறை வழியிலும் விளக்கு எரியவேண்டும். பிள்ளைக் காப்பகம் பெற்றோர் திரும்பும்வரை திறந்திருக்கவேண்டும். கோழிக்கழிவைக் குடியிருப்பை ஒட்டிக் கொட்டக்கூடாது. எச்சரிக்கைப் பலகை இந்தியிலும் இருக்கவேண்டும், படிக்காதவர்களுக்குத் தோட்ட அலுவலகம் ஆள் விட்டு நேரில் சொல்லவேண்டும். அந்த மலையில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அந்தி சாய்ந்தால் பிள்ளையை உள்ளே அழைக்கத் தெரியும். போன மாதம் ரயிலேறி வந்த குடும்பத்துக்கு அதை யாரும் சொல்லித்தரவில்லை.